உபயமும் விளம்பரமும்: திரையில் தரிசனம் காண்பவர் யாருக்குக் கடன்பட்டவர்?

பிறர் கொடுத்த பொருளால் நடக்கும் வழிபாட்டைக் காண வந்தவர், அந்தப் பொருளைக் கொடுத்தவருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா என்னும் வினா காவிரிப் படுகைக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இங்குள்ள கோயில்களில் எரிந்த விளக்குகளுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஆடோ நிலமோ காசோ இருந்திருக்கிறது, அந்த வெளிச்சத்தில் நின்று தொழுதவர்களோ பெரும்பாலும் கொடுத்தவரின் பெயரைக்கூட அறியாமலே தொழுதிருக்கிறார்கள். இன்று அந்த வினா வேறொரு வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியையோ திருவாரூர் ஆழித்தேரையோ பிரதோஷ நாளில் தஞ்சைப் பெருவுடையார் கோயில் நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தையோ யூடியூபில் பார்க்கும் ஒருவர், நடுவில் விளம்பரம் வருவதைப் பொறுக்காமல் விளம்பரத் தடுப்பானை, அதாவது வலைப்பக்கம் திறக்கும்போதே விளம்பரத்துக்குரிய பகுதிகளை அடையாளம் கண்டு அவற்றை மட்டும் வரவிடாமல் நிறுத்தும் சிறு மென்பொருளை, தம் கணினியில் பொருத்திக்கொள்கிறார் என்றால், அவர் செய்தது களவா, தம் மனத்தைக் காத்துக்கொண்ட செயலா? விளம்பரத் துறையினர் இதற்கு வருவாய் இழப்பு என்னும் கணக்கைக் காட்டுகிறார்கள். கணினித் துறையினர் தனியுரிமையைக் காட்டுகிறார்கள். காணப்படும் பொருள் வழிபாடாக இருக்கும்போது இரண்டு விடைகளுமே போதாமற்போகின்றன. ஏனெனில் அங்கே பார்ப்பது என்பதே ஒரு சமயச் செயல்.

முதலில் இந்த விளம்பரம் எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2005இல் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனத்தால் வாங்கப்பட்ட யூடியூப், காணொளிக்கு முன்னால் விளம்பரத்தை ஓடவிட்டு ஐந்து நொடிகளுக்குப் பின் அதைத் தாண்டிச் செல்லும் 'ஸ்கிப்' பொத்தானை 2010இல் கொண்டுவந்தது. எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளில் நடுவிலும் விளம்பரம் வைக்க 2020இல் வழிசெய்தது. எந்த விளம்பரம் யார் கண்ணுக்கு வரவேண்டும் என்பதைக் கோயிலோ காணொளியைப் பதிவேற்றியவரோ முன்கூட்டித் தேர்ந்தெடுப்பதில்லை: பார்ப்பவர் பொத்தானை அழுத்தும் கணத்தில், அவருடைய ஊர், மொழி, முன்பு தேடிய பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு கணினிகளுக்கிடையே ஓர் ஏலம் நடந்து, அதில் வென்றவரின் விளம்பரம் வந்து நிற்கிறது. பதிவேற்றியவர் யூடியூபின் கூட்டாளித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் வழக்கமான நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு அவருக்குப் போகும். அதில் சேர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த எல்லையை எட்டாத சிறிய சேனல்களில் முன்பு விளம்பரம் வராதிருந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவிலும் 2021இல் பிற நாடுகளிலும் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, வருவாயில் பங்கு பெறாத சேனல்களின் காணொளிகளிலும் விளம்பரம் வைக்கும் உரிமையை நிறுவனம் தனக்கே எடுத்துக்கொண்டது. ஆகவே ஒரு சிற்றூர்க் கோயிலின் ஓதுவார் தம் தேவாரப் பண்ணைப் பதிவேற்றும்போது, அவர் விரும்பாமலும், அவருக்கு ஒரு காசு சேராமலும் அந்தப் பதிகத்துக்கு முன்னால் கடன் செயலியோ நகைக்கடையோ பேசலாம். விளம்பரத் தடுப்பான் பற்றிய அறவாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியைக் கணக்கில் கொள்வதில்லை. கொண்டால் வாதத்தின் பாதி மாறிவிடும்.

விளம்பரத்தை வெறுக்கும் பக்தர் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு விடை உண்டு: வழிபாடு தூயது, வணிகம் அதைத் தீண்டக்கூடாது என்பது அது. காவிரிக் கரையில் நின்று அதைச் சொல்வது கடினம். 1010இல் முதலாம் இராசராசன் எடுப்பித்து முடித்த இராசராசேச்சுரத்தின், அதாவது தஞ்சைப் பெருவுடையார் கோயிலின், அதிட்டானத்தைச் சுற்றி, அதாவது விமானத்தின் அடித்தளக் கல்வரிசைகளில், மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் கொடுத்தவை எல்லாம் எடையோடும் அளவோடும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது இரவுபகலாக அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடுகள் என்பது கணக்கு. பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட ஆயர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். பழைய ஆடுகள் மூப்பெய்தினாலும் குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிறைத்துவிடுமாதலால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். காசாகக் கொடுத்தவர்களின் முதல் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது; காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக வந்தது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய அமர்த்தப்பட்ட 48 பிடாரர்களுக்கும் உடன் வாசித்த இருவருக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் ஒரு வீடும். படுகையின் வயல்களில் விளைந்த நெல்தான் பாடுபவரின் தொண்டையையும் ஆடுபவரின் காலையும் காத்தது என்பதையும், கேட்டவர் அதற்காகத் தனியே எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் இந்தக் கணக்குகள் காட்டுகின்றன.

மூன்றாமவர் பணம் கொடுக்க, நிகழ்த்துபவர் நிகழ்த்த, காண்பவர் இலவசமாகக் காண்பது என்னும் இந்த அமைப்பு, எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால், யூடியூபின் அமைப்பேதான். கொடுத்தவருக்குப் புகழ் வேண்டியிருந்தது என்பதிலும் ஐயமில்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் எடுத்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாக, கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை சொல்கின்றன. கடல்கடந்த ஓர் அரச குலம் சோழநாட்டுத் துறைமுகத்தில் தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டதில் வணிகக் கணக்கு துளியும் இல்லை என்று எந்த வரலாற்று மாணவரும் சொல்லமாட்டார். ஆகவே பழைய கொடையாளர் தன்னலமற்றவர், புதிய விளம்பரதாரர் தன்னலக்காரர் என்று பிரிப்பது உண்மைக்குப் பொருந்தாது.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கல்வெட்டில் கொடையாளரின் பெயர் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்: அது அடித்தளத்தில், வலம்வருபவரின் இடுப்பளவிலும் அதற்குக் கீழும் ஓடுகிறது, படிக்க விரும்புபவர் நின்று குனிந்து படிக்கலாம், விரும்பாதவர் கடந்து போகலாம், கடந்து போனவருக்குக் கருவறையில் ஒரு நொடிகூடக் குறையாது. இன்னொன்றும் உண்டு. பல கோயில்களின் கல்வெட்டுகள் தானத்தைச் சொல்லி முடித்த பின், இந்த அறம் பன்மாகேசுவரரின், அதாவது அங்கு வந்து தொழும் சிவனடியார் கூட்டத்தின், காவலில் விடப்பட்டதாகச் சொல்கின்றன. சிலவற்றில் இந்த அறத்தைப் பிற்காலத்தில் காப்பவரின் திருவடி தம் தலைமேல் இருப்பதாகக் கொடுத்தவரே சொல்லிக்கொள்கிறார். கொடுத்தவர் இங்கே காண்பவரிடம் எதையும் கேட்டுப் பெறவில்லை. முகம் தெரியாத ஒரு வருங்கால அடியாரின் காலில் விழுந்து, தாம் ஏற்றிய விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறார். இங்கே கடன், தானம் கொடுத்தவரின் பக்கத்தில் நிற்கிறது. மேலும், எத்தனை ஆடு, எவ்வளவு நெய், பொறுப்பேற்ற சபை எது என்பது எல்லோரும் பார்க்கும் கல்லில் ஒரே வாசகமாக இருந்தது; ஏலத்தில் வென்று வரும் விளம்பரமோ ஒருவர் கண்ணுக்கு நகைக்கடையாகவும் அடுத்தவர் கண்ணுக்கு வேறொன்றாகவும் இருப்பதால், எந்தப் பெயர் எந்த அபிஷேகத்தின் குறுக்கே நின்றது என்பதை ஊர் கூடிக் கேட்க வழியில்லை.

பிற்காலத்து உபயங்கள் இந்த நாகரிகத்தை எப்போதும் காத்தன என்றும் சொல்லிவிட முடியாது. குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் தம் பெயரையும் குடும்பத்தாரின் பெயர்களையும் அந்தக் குழலின் மேலேயே எழுதிவைக்க, கொடுத்த வெளிச்சத்தில் பாதியைக் கொடுத்தவரின் பெயரே விழுங்கிவிடும் வேடிக்கையைத் தமிழ்நாட்டில் காணாதவர் இல்லை. இணைய விளம்பரத்தைக் கண்டிக்க வருபவர் முதலில் இந்த விளக்கைத் துடைத்துவிட்டு வருவது முறை. ஆயினும் மண்டகப்படியில், அதாவது சுவாமி புறப்பாட்டின்போது ஒரு குடும்பமோ தெருவோ தொழிற்கூட்டமோ தம் செலவில் சுவாமியை நிறுத்தி ஆராதனை செய்விக்கும் வழக்கத்தில், நிறுத்தம் என்பதே வழிபாடாக இருக்கிறது; அங்கே சுவாமி நிற்கிறார், நாகசுரம் தொடர்கிறது, தெருவில் உள்ள அனைவரும் சேர்ந்தே காத்திருக்கிறார்கள். அரிசி ஆலைகளும் துணிக்கடைகளும் ஆண்டுதோறும் கொடுக்கும் நாள்காட்டியிலும் மேலே முருகனோ மகாலட்சுமியோ, கீழே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன; படுகையின் வீடுகளில் அந்தப் படத்துக்கே பூ வைத்துக் கும்பிடுபவர்கள் உண்டு, கடையின் பெயர் தங்கள் பூசையைக் கெடுத்துவிட்டதாக அவர்கள் குறைபட்டதில்லை. வணிகரின் பெயர் தெய்வத்தின் பக்கத்தில் இருப்பதை இந்த மண்ணின் சமய உணர்வு ஒருபோதும் பொறுக்காமல் இருந்ததில்லை என்றால், காணொளி விளம்பரத்தில் அது பொறுக்காதது எது?

அது கவனத்தைப் பற்றியது. இதற்கான சிந்தனையும் இந்த ஆற்றங்கரையிலேயே கிடைக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் என்னும் பௌத்தப் பேராசிரியர் காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரங்களில் தங்கிப் பாலி மொழியில் நூல்கள் இயற்றினார்; அவற்றுள் ஒன்றான அபிதம்மாவதாரம், மனத்தின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கும் அபிதம்மக் கல்விக்கு வாயிலாக எழுதப்பட்டது. அபிதம்ம மரபு மனசிகாரம் எனப்படும் கவனத்தை ஒரு சேதசிகமாக, அதாவது சித்தத்தோடு கூடித் தோன்றி அதோடு கூடி மறையும் ஒரு மனச்செயலாக எண்ணுகிறது. இப்படி எண்ணினால் கவனம் என்பது பையில் வைத்திருந்து விற்கத்தக்க சரக்காக இருக்க முடியாது. அது ஒவ்வொரு கணத்திலும் புதிதாகச் செய்யப்படுவது, செய்யப்படும் கணத்திலேயே தீர்ந்துபோவது. விளம்பரத் தொழிலின் அடிப்படை நம்பிக்கையோ இதற்கு நேர்மாறானது: பார்ப்பவரின் கவனம் அளக்கத்தக்க, ஏலமிடத்தக்க ஒரு பண்டம் என்றும், அதை யூடியூப் விற்கலாம், நகைக்கடை வாங்கலாம் என்றும் அது கருதுகிறது. இதே புத்ததத்தரின் நூல்களின் முடிவுரைகளில் அவருக்குத் தங்க இடம் கொடுத்த விகாரங்களைக் கட்டிய இல்லறத்தாரின் பெயர்கள் வருகின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். புரவலரின் பெயர் நூலில் உண்டு. ஆனால் நூல் முடிந்த பின் உண்டு.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறையைச் சேர்ந்த சிவஞான முனிவரின் மாபாடியத்தில் விரிந்த அந்தத் தத்துவத்தின்படி, உயிர் தனக்கென ஒரு நிறத்தைக் கொண்டிருப்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே நிற்பது அதன் தன்மை. சார்ந்ததன் வண்ணமாதல் என்று இதைச் சொல்வர். மலத்தைச் சார்ந்தால் அறியாமையாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்கும் உயிருக்கு, எதைச் சார்வது என்பதைத் தவிர வேறு பெரிய வினா இல்லை. தரிசனம் என்பது உயிர் ஒன்றைச் சாரும் செயல். ஆகவே அந்தச் செயலின் நடுவே வேறொன்றைச் சாரவைப்பது கால விரயம் மட்டுமன்று. நாள்காட்டியில் கடையின் பெயர் கீழே இருக்கிறது, கண் மேலே இருக்கலாம். காணொளி விளம்பரம் சுவாமியை அகற்றிவிட்டு அதே இடத்தில், அதே அளவில், அதைவிட உரத்த குரலில் வந்து நிற்கிறது. 2020 பிப்ரவரி 5 அன்று, 23 ஆண்டுகளுக்குப் பின் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்த குடமுழுக்கைப் பலரும் நேரலையில் பார்த்தனர். அத்தகைய நேரலையில் கலசத்தின் மேல் புனிதநீர் சேரும் அந்தச் சில நொடிகளில் விளம்பரம் விழுந்தால், அதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம் என்பது உண்மையே. ஆனால் முகூர்த்தத்தை நம்புகிறவருக்குப் பின்னோக்கி ஓட்டியது வேறொரு காட்சி.

இதற்கு எதிராக ஒரு வலுவான தடை எழுப்பலாம். கருவறையிலும் தரிசனம் தடைப்படுகிறதே. அலங்காரத்தின்போதும் நைவேத்தியத்தின்போதும் திரை போடுகிறார்களே. வரிசையில் நிற்பவரின் மனம் வீட்டு அடுப்பையும் பேருந்து நேரத்தையும் நினைக்கிறதே என்று கேட்கலாம். மனம் தானே அலைவதற்கும் மற்றொருவர் அதை இழுத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் அது நூலிழை வேறுபாடுதான். ஆனால் திரையைப் பற்றிய தடைக்கு விடை உண்டு. சித்தாந்தத்தில் மறைத்தலும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்று. திரை விழும்போது காண்பவர் கூடுதலாக எதிர்பார்க்கிறார், நெருங்கி வருகிறார், விலகும் கணத்துக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மறைத்தவரே வெளிப்படவும் போகிறார். விளம்பரத்தில் மறைப்பவர் வேறு, மறைக்கப்படுபவர் வேறு. மறைப்பவருக்குத் தாம் எதை மறைக்கிறோம் என்பதுகூடத் தெரியாது.

இதுவரை சொன்னவை விளம்பரத்தின் மீதான குறைகள்; தடுப்பதை அவை நியாயமாக்கிவிடுமா என்பது தனி வினா. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள மனத்தால் நினைப்பதையே தீது என்கிறது; அத்தனை கடுமையான அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தச் செயலை நோக்கவேண்டும். களவு என்றால் பிறர் பொருள் ஒன்று இருக்கவேண்டும். விளம்பரதாரரின் பொருளா என்றால், காட்டப்படாத விளம்பரத்துக்கு அவர் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. பார்ப்பவரின் கவனமா என்றால், அது பிறர் பொருள் அன்று என்பது மேலே சொன்ன இரு தத்துவங்களின் முடிவு. மீதமிருப்பவை இரண்டு: நிறுவனத்தின் கணினிகளும் அவற்றை இயக்கும் செலவும் ஒன்று, பாடியவரின், படம்பிடித்தவரின் உழைப்பு மற்றொன்று. நிறுவனத்தைப் பொறுத்தவரை இது ஒப்பந்தச் சிக்கல். 2018இல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் விளம்பரத் தடுப்பான் வழங்குவது நேர்மையற்ற வணிகப் போட்டியாகாது என்று தீர்ப்பளித்தது, 2023இல் யூடியூப் தடுப்பான் வைத்திருப்போருக்குக் காணொளியையே நிறுத்திவைக்கத் தொடங்கியது, தடுப்பான் எழுதுவோர் அதைத் தாண்ட வழி தேடினர். இந்த ஓட்டப்பந்தயத்தில் சமயச் சிந்தனைக்கு வேலை குறைவு.

பாடியவரின் உழைப்பு அப்படியன்று. கூட்டாளித் திட்டத்தில் சேர்ந்து, தம் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வருவதற்கு இசைந்து, அதில் வரும் பங்கைக் கொண்டு வீட்டுச் செலவைப் பார்க்கும் ஓர் ஓதுவாரின் பதிகத்தைத் தடுப்பானோடு கேட்பவர், அவருடைய நெல்லில் ஒரு பிடியைக் குறைக்கிறார் என்பதை மறுக்கமுடியாது. அதே தடுப்பானோடு, கூட்டாளித் திட்டத்துக்குள் வராத மற்றோர் ஓதுவாரின் பதிகத்தைக் கேட்பவர் அவருக்கு எதையும் குறைக்கவில்லை. அவர் விரும்பாத ஓர் இடையீட்டை நீக்கி, அவர் பாடியபடியே கேட்கிறார், அவ்வளவுதான். ஒரே மென்பொருள், ஒரே கேட்பவர், ஒரே மாலை. ஒரு பதிகத்தில் கடன் ஏறுகிறது, மறு பதிகத்தில் ஏறவில்லை. ஆகவே விளம்பரத் தடுப்பு நல்லதா தீயதா என்று மொத்தமாகக் கேட்பது தவறான கேள்வி. கடன் இருக்கும் இடத்தில் அது பாடியவருக்கே உரியது. விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு பார்ப்பது அந்தக் கடனை அடைக்கும் வழிகளுள் ஒன்று மட்டுமே, அதுவும் மிகச் சுற்றிவளைத்த வழி.

நேரான வழி ஒன்றைத் திருவையாறு அறியும். தியாகராசர் (1767–1847) தஞ்சை அரசவையின் அழைப்பை ஏற்காமல் உஞ்சவிருத்தியில், அதாவது தெருவில் பாடிச் சென்று வீட்டுவாசலில் இடப்படும் அரிசியைப் பெற்று, வாழ்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. புரவலரும் விளம்பரதாரரும் இல்லாத இந்த அமைப்பில் பாடுபவர் பாடிவிடுகிறார். கேட்டவர் தம்மால் முடிந்ததை இடுகிறார், இடாதவரின் வாசலிலும் பாட்டு கடந்துதான் போகிறது. அவர் மறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின், 1920களில், காவிரிக் கரையில் அவருடைய சமாதியைக் கோயிலாக எடுப்பித்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதற்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டார். பாட்டிலிருந்து ஈட்டியதைப் பாட்டின் மூலத்துக்கே திருப்பித் தந்த அந்தச் செயலைக் கேட்பவரின் கடன் அடைந்த விதங்களுள் மிக உயர்ந்ததாகக் கருதலாம். தியாகராசரின் ஆராதனை நாளில் பாடப்படும் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் படுகையின் வீடுகளுக்கு நெடுங்காலம் கொண்டுவந்தது வானொலி. 1939இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி நிலையத்தைக் கேட்க வானொலிப் பெட்டிக்கு ஆண்டு உரிமக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது, நடுவே விளம்பரம் வரவில்லை; கேட்பவர் தாம் செலுத்தும் விலை என்ன என்பதைத் தெரிந்து செலுத்தினார்.

இன்று அந்தக் கட்டணத்தின் இடத்தில் யூடியூபின் பிரீமியம் சந்தா இருக்கிறது: 2019இல் மாதம் 129 ரூபாயாக இந்தியாவுக்கு வந்து 2024இல் 149 ரூபாயான அந்தச் சந்தாவைக் கட்டினால் விளம்பரம் வராது, அதில் ஒரு பங்கு, பார்க்கப்பட்ட சேனல்களுள் கூட்டாளித் திட்டத்தில் உள்ளவற்றுக்கும் போகும். அறக்கணக்கில் இது குறையற்றதாகவே தோன்றும். ஆனால் பணம் கொடுத்தவருக்கு இடையீடற்ற காட்சி, கொடுக்காதவருக்குக் காத்திருப்பு என்பது சிறப்பு தரிசனச் சீட்டின் ஏற்பாடு. கோயில்களில் அந்தச் சீட்டை எதிர்ப்பவர்கள் எழுப்பும் கேள்வி, இறைவன் முன் வரிசை ஒன்றா இரண்டா என்னும் கேள்வி, இங்கும் எழாமல் இருக்கமுடியாது. கோயிலாவது சீட்டு வருவாயைக் கோயிலுக்குச் செலவிட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது.

இந்த விவாதம் முழுவதிலும் வராத ஒரு கூட்டம் உண்டு. நேரலை யாருக்காக உண்மையில் தேவைப்படுகிறதோ அவர்களே அந்தக் கூட்டம். 2020 மார்ச்சுக்குப் பின் கோயில்கள் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தபோது எல்லோரும் நேரலைக்கு வந்தனர். கதவு திறந்த பின் திரும்பிப் போகமுடியாமல் அதிலேயே தங்கிவிட்டவர்கள் முழங்கால் தேய்ந்தவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் அயல்நாட்டில் பிழைப்பவர்களும். விளம்பரத் தடுப்பான்கள் பெரும்பாலும் கணினியின் உலாவியில் வேலை செய்பவை. கைப்பேசியில் உள்ள யூடியூப் செயலியிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் அவற்றைப் பொருத்துவது எளிதன்று. மகன் வாங்கிக் கொடுத்த தொலைக்காட்சியில் திருநள்ளாற்றைப் பார்க்கும் மன்னார்குடிப் பாட்டிக்குத் தடுக்கும் வழியும் தெரியாது, சந்தா கட்டும் வழியும் தெரியாது. 2023 டிசம்பர் 20 அன்று நடந்ததைப் போன்ற ஒரு சனிப்பெயர்ச்சியின் தீபாராதனைக்குக் கைகூப்பும்போது அவர் கூப்பிய கைக்கு எதிரே எது வந்து நிற்கும் என்பதை அவரால் தீர்மானிக்கமுடியாது. தடுப்பதன் அறம் பற்றிய கேள்வி, தடுக்கத் தெரிந்தவர்களின் கேள்வியாகவே இருந்துவிடுவதில் ஒரு குறை இருக்கிறது.

அந்தப் பாட்டிக்காக எதையேனும் செய்யக்கூடியவர்கள் கோயிலை நடத்துபவர்களும் நேரலையை நடத்துபவர்களுமே. கூட்டாளித் திட்டத்தில் உள்ள ஒரு சேனல் நேரலையின் நடுவே வரும் விளம்பரங்களை நிறுத்திவைக்க முடியும். அதனால் குறையும் வருவாயை ஈடுசெய்ய இந்தப் படுகையில் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கட்டளை என்பது அது: ஒரு குறிப்பிட்ட வழிபாட்டுக்கென்று முதலை ஒதுக்கி, அதன் வருவாயில் அந்த வழிபாட்டை மட்டும் நடத்தும் அறக்கட்டு. சாயரட்சைக்கும் திருவாதிரைக்கும் கட்டளை வைத்தவர்களின் வழிவந்தோர் இன்று சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு அதே சாயரட்சையை நேரலையில் பார்க்கிறார்கள். ஒளிபரப்புக்கென்று ஒரு கட்டளையை அவர்கள் ஏற்படுத்தினால், நேரலை முடிந்த பின் திரையின் அடியில் அவர்கள் பெயர் ஓடுவதில் எவருக்கும் மறுப்பு இருக்காது. நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2021க்குப் பின் தொடக்கத்தில் வரும் விளம்பரம் முற்றிலும் சேனல் நடத்துபவரின் கையில் இல்லை. அதையும் தவிர்க்க வேண்டுமானால் கோயில் தன் சொந்த வலைத்தளத்தில் ஒளிபரப்ப வேண்டும், அதற்கான கணினிச் செலவோ பெருவிழா நாளில் பல மடங்காகிவிடும். அந்தச் செலவுக்கு எவ்வளவு முதல் வைத்தால் ஆண்டு முழுவதும் தாங்கும் என்பதை, 96 ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று யாரோ ஒருவர் அன்று கணக்கிட்டதைப் போல, இன்றைய அறங்காவலர்கள் உட்கார்ந்து கணக்கிட வேண்டியிருக்கிறது.